ஆரஞ்சுப் பழங்களும் நகரும் சுவர்களும்: 'டைரக்டர்ஸ் லேபிள்' டிவிடி வரிசை

இசைக் காணொளி என்பது பாட்டை விற்பதற்கான விளம்பரம். இசைத்தட்டு நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் அது அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. அந்த விளம்பரக் காசை வைத்துக்கொண்டு, முழுநீளப் படத்தில் எவரும் அனுமதிக்காத சோதனைகளைச் செய்துபார்த்த ஏழு இயக்குநர்களின் வேலையைத் திரட்டி, பாடகரின் பெயரில் அல்லாமல் இயக்குநரின் பெயரில் வெளியிட்ட வரிசைதான் 'டைரக்டர்ஸ் லேபிள்'. பாம் பிக்சர்ஸ் நிறுவனம் 2003-இல் ஸ்பைக் ஜோன்ஸ், கிறிஸ் கன்னிங்ஹாம், மிஷேல் கோந்த்ரி ஆகிய மூவரின் வட்டுகளை முதலில் கொண்டுவந்தது. 2005-இல் மார்க் ரோமனெக், ஜொனாதன் கிளேசர், ஆன்டன் கோர்பைன், ஸ்டெபான் செட்னாவி ஆகிய நால்வர் சேர்ந்தார்கள். அதன்பின் வரிசை ஏழோடு நின்றுவிட்டது.

இந்தக் காணொளிகளில் பெரும்பாலானவற்றை இன்று இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்னும்போது, இருபது ஆண்டுப் பழைய வட்டுகளை எதற்காகத் தேடி வாங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. என் விடை இதுதான்: காணொளி இணையத்தில் கிடைக்கிறது, அதைச் செய்த பட்டறை கிடைப்பதில்லை. ஆகவே இந்த ஏழு வட்டுகளையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளந்தேன். பட்டறையின் கதவை எந்த வட்டு எவ்வளவு திறந்துவிடுகிறது என்பதே அந்த அளவுகோல்.

அந்த வகையில் முதலிடம், ஐயத்துக்கு இடமின்றி, கோந்த்ரியின் வட்டுக்குத்தான். இரு பக்கமும் பதிவுள்ள அந்த வட்டில் காணொளிகளோடு, கோந்த்ரியைப் பற்றி அவரே முன்னின்று செய்த 75 நிமிட ஆவணப்படமும் இருக்கிறது. 'எனக்கு எப்போதும் பன்னிரண்டு வயதுதான்' என்ற பொருள் தரும் அதன் தலைப்பு வெறும் குறும்பு அல்ல என்பது படத்தைப் பார்த்து முடிக்கும்போது தெளிவாகிறது. கோந்த்ரி அடிப்படையில் ஒரு டிரம்ஸ் கலைஞர். 'உய் உய்' என்ற பிரெஞ்சு இசைக்குழுவில் வாசித்துக்கொண்டே அந்தக் குழுவுக்குக் காணொளிகள் செய்தவர்; அவற்றைப் பார்த்துத்தான் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் அவரை அழைத்தார் என்பதும், 1993-இல் வந்த 'ஹியூமன் பிஹேவியர்' அந்தக் கூட்டணியின் தொடக்கம் என்பதும் பரவலாகத் தெரிந்த செய்தி. ஆனால் அவர் தாளக்காரர் என்ற ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு வட்டை முழுதாகப் பார்த்தால், அவருடைய காணொளிகள் ஒவ்வொன்றும் தாளக்கட்டைக் கண்ணுக்குப் புலனாக்கும் முயற்சி என்பது பிடிபடுகிறது.

'ஸ்டார் கிட்டார்' (2002) காணொளியை எடுத்துக்கொள்வோம். ஓடும் ரயிலின் சன்னல் வழியே ஒரு நிலக்காட்சி நகர்கிறது. கதை இல்லை, பாடகர்கள் இல்லை, ஆட்டம் இல்லை. முதல் நிமிடத்தில் ஏதோ பயணத்தில் எடுத்த படத்தை அப்படியே ஒட்டிவிட்டார்கள் என்று தோன்றும். பிறகு ஒரு கம்பம் கடக்கும் கணத்தில் ஒரு தாளத்தட்டு விழுவதைக் கண் கவனிக்கிறது. அடுத்த தட்டுக்கு அடுத்த கம்பம் வருகிறது. புதிய ஒலி ஒன்று சேரும்போது கட்டடம் ஒன்று சேர்கிறது. அந்த ஒலி திரும்ப வரும்போதெல்லாம் அதே வடிவக் கட்டடமும் திரும்ப வருகிறது. நிலக்காட்சி முழுவதும் பாட்டின் சுரக்குறிப்பு என்பது புரிந்தபின் சன்னலிலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை. பிரான்ஸில் நீம் நகருக்கும் வலான்ஸ் நகருக்கும் இடையிலான ரயில் பாதையைச் சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராவில், பகலின் வெவ்வேறு வெளிச்சங்களுக்காகப் பத்து முறை படம்பிடித்து, அந்தத் துண்டுகளைக் கணினியில் பாட்டுக்கேற்பக் கோத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே கட்டம் போட்ட தாளில் பாட்டின் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் இடம் குறித்துக்கொண்டு, ஆரஞ்சுப் பழங்கள், முட்கரண்டிகள், ஒலிநாடாக்கள், புத்தகங்கள், கண்ணாடிக் குவளைகள், டென்னிஸ் காலணிகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வரிசையாக அடுக்கி நிலக்காட்சிக்கு ஒத்திகை பார்த்திருக்கிறார் கோந்த்ரி. கணினியின் பங்கு பெரியதுதான். ஆனாலும் எது எங்கே வர வேண்டும் என்ற முடிவு, பழங்களை அடுக்கிய அந்த மேசையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

இதே எண்ணத்தை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் மனிதர்களை வைத்துச் செய்துபார்த்தார். டாஃப்ட் பங்க் இணையின் 'அரௌண்ட் த வேர்ல்ட்' (1997) காணொளியில் ஐந்து கூட்டத்தார் வட்ட மேடையில் ஆடுகிறார்கள். ரோபோக்கள் இயந்திரக் குரலுக்கும், சின்னத் தலை வைத்த நெட்டை விளையாட்டு வீரர்கள் பேஸ் கிட்டாருக்கும், நீச்சலுடைப் பெண்கள் கீபோர்டுக்கும், எலும்புக்கூடுகள் கிட்டாருக்கும், துணி சுற்றிய மம்மிகள் டிரம்ஸுக்கும் உரியவர்கள். பேஸ் ஒலி ஏறினால் அந்த வீரர்கள் படியேறுகிறார்கள், இறங்கினால் இறங்குகிறார்கள். நடன அமைப்பு பிளாங்கா லீ உடையது. நடனம் என்றால் எல்லாரும் ஒரே அசைவைச் சேர்ந்து செய்வது என்று பழகிவிட்ட கண்ணுக்கு, ஒவ்வொரு கூட்டமும் தன் வாத்தியத்துக்கு மட்டும் கட்டுப்பட்டு ஆடுவது முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். ஏதாவது ஒரு கூட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பாட்டை ஒருமுறை கேட்டால், அந்த வாத்தியம் மட்டும் தனியே பிரிந்து காதில் விழும். இசை தெரியாதவருக்கு வாத்தியங்களைப் பிரித்துக் கேட்கக் கற்றுத்தர இதைவிட எளிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிபோ மாட்டோ இணையின் 'சுகர் வாட்டர்' (1996) பற்றித் தமிழ் வாசகரிடம் சொல்வது எளிது: அது ஒரு மாலைமாற்று. 'விகடகவி' என்ற சொல்லை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதுவே வருவதுபோல, இந்தக் காணொளியும் எந்த முனையிலிருந்து ஓட்டினாலும் பொருள்படும்படி அமைந்தது. திரை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதியில் படம் முன்னோக்கி ஓட, மறு பாதியில் அதே படம் பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் இரு பாதிகளும் ஒரு விபத்தில் சந்தித்து, பிறகு இடம் மாறிக்கொள்கின்றன. பின்னோக்கி ஓடும்போதும் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, படத்தில் வரும் ஒவ்வொரு செயலும் இரண்டு திசையிலும் அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டியிருக்கிறது. மாலைமாற்று எழுதும் புலவர் எந்த எழுத்தைத் தொட்டாலும் எதிர்முனையில் இன்னோர் எழுத்து அசையுமே, அதே தலைவலிதான். கைலி மினோக் பாடிய 'கம் இன்டு மை வேர்ல்ட்' (2002) இன்னொரு வகைக் கணக்கு. பாரிஸை ஒட்டிய புலோன்-பியான்கூர் வீதிச் சந்திப்பு ஒன்றை அவர் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் இன்னொரு கைலி சேர்ந்துகொள்கிறார். தெருவில் போகிறவர்களும் அதேபோல் பெருகுகிறார்கள். கணினி கட்டுப்படுத்தும் மோஷன் கன்ட்ரோல் கேமரா ஒரே பாதையில், ஒரே வேகத்தில், திரும்பத் திரும்பச் சுற்றியதால்தான் அந்தச் சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்ட முடிந்தது. முந்தைய சுற்றில் தான் எங்கே நின்றோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைத் தொடாமல் நடக்க வேண்டிய பொறுப்போ கேமராவுக்கு அல்ல, மனிதர்களுக்கு.

அடுத்தது ஜோன்ஸின் வட்டு. கோந்த்ரி கட்டம் போட்ட தாளோடு வருகிறவர் என்றால், ஜோன்ஸ் சட்டைப்பையில் ஒரு விளையாட்டோடு வருகிறவர். வீசர் குழுவின் 'படி ஹாலி' (1994), பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் உணவகத்தை ஹாலிவுட்டில் பழைய சாப்ளின் படப்பிடிப்புத் தளத்தில் மறுபடியும் செட் போட்டு, தொடரின் அசல் காட்சிகளுக்கு நடுவே குழுவை நுழைத்த வேலை. விண்டோஸ் 95 குறுவட்டில் அதைச் சேர்த்துக் கொடுத்ததால் இசைத் தொலைக்காட்சியே பார்க்காதவர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள். 'வெப்பன் ஆஃப் சாய்ஸ்' (2001) காணொளியில் ஆளில்லாத நட்சத்திர விடுதி ஒன்றின் முன்கூடத்தில் நடிகர் கிறிஸ்டோபர் வாக்கன் தனியே ஆடுகிறார். அவர் இளமையில் மேடை நடனம் பயின்றவர் என்பது பலருக்குத் தெரியாது. கோட்டு சூட்டு போட்ட, இறுகிய முகத்துடன் கூடிய நடுவயதைத் தாண்டிய மனிதர் திடீரென்று எழுந்து இவ்வளவு லாவகமாக ஆடுவதில் உள்ள வியப்பையே ஜோன்ஸ் முதலாக்கிக்கொண்டார். ஆட்டத்தில் பெரும்பகுதியைத் தலை முதல் கால் வரை தெரியும்படி தள்ளி நின்று எடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். காலை மறைத்துக் கையைக் காட்டும் வெட்டு வேலை இங்கே இல்லை.

ஆனால் இந்த வட்டின் மணி, ஃபார்சைட் குழுவின் 'டிராப்' பாட்டுக்கான காணொளியும் அது உருவானதைக் காட்டும் பதிவும்தான். காணொளியில் நான்கு பாடகர்கள் தெருவில் நடந்து வருகிறார்கள். உதட்டசைவு பாட்டோடு சரியாகப் பொருந்துகிறது. நடையில் மட்டும் ஏதோ கோணல்: அடி எடுத்து வைப்பதற்குப் பதிலாகத் தரை காலை உதறிவிடுவதுபோல் இருக்கிறது. உண்மையில் அவர்கள் பின்னோக்கி நடந்து, பாட்டையும் பின்புறமாகப் பாடி, பிறகு அந்தப் படத்தைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். பின்புறமாகப் பாடுவது என்றால் வரிகளைக் கடைசிச் சொல்லிலிருந்து படிப்பது அல்ல. 'பாட்டு' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் 'டுட்பா' என்று வரும். ஒலியாகத் திருப்பினால் 'உட்டாப்' என்றுதான் வரும். வாய் முதலில் குவிந்து, கடைசியில் உதடுகள் மூட வேண்டும். இப்படி ஒரு முழு ராப் பாட்டை, அதன் வேகத்தோடு, பொருளற்ற ஒலிக்கோவையாக மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்காக மொழியியலாளர் ஒருவர் உதவியுடன் வரிகளின் தலைகீழ் ஒலி வடிவம் எழுதப்பட்டு, பாடகர்கள் அதைப் பாடம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் அந்த அசைகளை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும் காட்சிகளைப் பார்த்துவிட்டு மறுபடி காணொளிக்குத் திரும்பினால், அதுவரை எளிதாகத் தெரிந்த ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் இருக்கும் உழைப்பு கண்ணில் படுகிறது. ஒரு வட்டு விலையை இது ஒன்றே நியாயப்படுத்திவிடுகிறது என்பேன்.

செலவைப் பற்றிய ஒரு சின்ன இடைக்குறிப்பு. ஜோன்ஸ் 'பிரைஸ் யூ' காணொளியைத் திரையரங்கு ஒன்றின் வாசலில், அனுமதி எதுவும் வாங்காமல், கற்பனையான ஓர் ஊர் நடனக் குழுவின் பெயரில், தானும் ஆடி எடுத்தார். செலவு ஏறத்தாழ 800 டாலர் என்று சொல்லப்படுகிறது. நடுவில் திரையரங்கு ஊழியர் ஒருவர் வந்து பாட்டுப் பெட்டியை அணைத்துவிடுகிறார். அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். மார்க் ரோமனெக் மைக்கேல் ஜாக்சனுக்கும் ஜேனட் ஜாக்சனுக்கும் இயக்கிய 'ஸ்கிரீம்' (1995) காணொளியோ 70 லட்சம் டாலர் செலவானதாகக் கின்னஸ் பட்டியலில் ஏறியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது நான் இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்க விரும்பியது அந்தத் திரையரங்கு வாசலைத்தான்.

கன்னிங்ஹாமின் வட்டைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. காணொளிகளில் குறையில்லை. வேற்றுலக உயிரிகளின் படங்களுக்குப் பொம்மையும் முகமூடியும் செய்த பட்டறைகளில் வளர்ந்தவர், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கிடம் இயந்திர உருவங்களுக்கான சோதனைகளில் வேலை பார்த்தவர் என்பதால், உடல் என்ற பொருளை இவர் அளவுக்கு அச்சமூட்டும்படி வளைத்தவர் இந்த எழுவரில் இல்லை. போர்ட்டிஸ்ஹெட் குழுவின் 'ஒன்லி யூ' (1998) காணொளியில் மனிதர்கள் இரவுச் சந்தில் மிதக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் எடுத்த உருவங்களைச் சந்தின் படத்தில் பொருத்தியிருக்கிறார்கள். காற்றில் நடப்பதாக நினைக்கும் கண்ணுக்கு, கூந்தல் மட்டும் காற்றுக்குரிய வேகத்தில் அசையாததன் விசித்திரம் விளங்காமல் உறுத்திக்கொண்டே இருக்கும். பியோர்க்கின் 'ஆல் இஸ் ஃபுல் ஆஃப் லவ்' (1999) காணொளியின் வெண்ணிற ரோபோக்கள் உண்மையாகவே செய்து வைத்த உருவங்கள். பியோர்க்கின் முகத்தைத் தனியே எடுத்து, கண்களையும் வாயையும் மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள தோலுக்குப் பதில் கணினியில் செய்த வெள்ளை ஓட்டைப் பொருத்தியதால்தான் அந்த இயந்திரத்துக்கு ஓர் உயிர்ப்பார்வை வந்தது. இந்த ஒரு காணொளி உருவானதைக் காட்டும் பதிவு வட்டில் இருக்கிறது, அதுவும் நன்றாக இருக்கிறது. மற்றவற்றுக்கு அப்படி விரிவான எதுவும் இல்லை. பட்டறைக் கதவைச் சற்றே திறந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார் மனிதர். இரகசியம் அவருடைய கலையின் ஒரு பகுதி என்று வாதிடலாம். காசு கொடுத்து வாங்கியவனுக்கு அந்த வாதம் போதாது.

2005-இல் வந்த நான்கில் கிளேசருடையது மட்டும் கட்டாயம் வாங்க வேண்டியது. ஜமிரோக்வாயின் 'வெர்ச்சுவல் இன்சானிட்டி' (1996) காணொளியைப் பார்த்த எவரும் தரைதான் நகர்கிறது என்று சத்தியம் செய்வார்கள். வழுவழுப்பான சாம்பல் நிறத் தரையில் பாடகர் ஜே கே நின்ற இடத்திலேயே வழுக்கிச் செல்கிறார்; சோபாக்கள் அவரை நோக்கி ஊர்ந்து வருகின்றன. நகர்வது தரையல்ல, அறை. நான்கு சுவர்களையும் ஒரு பெட்டிபோல் கட்டி, அந்தப் பெட்டி முழுவதையும் அசையாத தரையின்மேல் தள்ளியிருக்கிறார்கள். கேமராவும் சுவரோடு பிணைக்கப்பட்டிருப்பதால் சுவர் நிலையாகவும் தரை ஓடுவதாகவும் தெரிகிறது. சில நாற்காலிகள் சுவரோடு ஒட்டியவை, சில தரையில் நிற்பவை. ஆகவே ஒரே அறையில் ஒன்று நகர்கிறது, மற்றது நகரவில்லை. ஓடும் ரயிலில் உட்கார்ந்தவனுக்கு மரங்கள் ஓடுவதாகத் தோன்றும் அதே சங்கதியை நான்கு நிமிடத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். கேமரா மேலேயோ கீழேயோ சாய்ந்து கூரையையும் தரையையும் மட்டும் காட்டும் சில கணங்களில்தான் வெட்டு ஒளிந்திருக்கிறது. ரேடியோஹெட் குழுவின் 'ஸ்ட்ரீட் ஸ்பிரிட்' (1996) இதற்கு நேர்மாறான அமைதி: கறுப்பு வெள்ளையில், ஒரே சட்டகத்துக்குள் ஒருவர் காற்றில் உறைந்ததுபோல் மெல்ல இறங்க, அருகிலிருப்பவர் இயல்பான வேகத்தில் அசைகிறார். கிளேசரின் வட்டில் சேர்த்திருக்கும் விளம்பரப் படங்களும் பார்க்கத் தக்கவை.

ரோமனெக்கின் வட்டு அழகானது, கனமானது, கொஞ்சம் குளிர்ச்சியானது. ஒவ்வொரு சட்டகமும் கண்ணாடி அலமாரிக்குள் வைத்ததுபோல் இருக்கிறது. விதிவிலக்கு அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் 'ஹர்ட்'. டென்னசி மாநிலத்து ஹெண்டர்சன்வில்லில், கேஷின் வீட்டிலும், பூட்டிக் கிடந்து சிதைந்துபோயிருந்த அவருடைய அருங்காட்சியகத்திலும் எடுத்த படம் அது. அந்தச் சிதைவைச் சீர்செய்யாமல், செட் போடாமல், இருந்தபடியே எடுத்துக்கொண்டு, நடுநடுவே கேஷின் இளமைக்காலப் படச்சுருள்களைச் செருகினார் ரோமனெக். படத்தில் பின்னால் நின்று கணவரைப் பார்க்கும் மனைவி ஜூன் கார்ட்டர், 2003 மே மாதத்திலும், கேஷ் அதே ஆண்டு செப்டம்பரிலும் இறந்தார்கள். அந்த வீடும் 2007-இல் எரிந்துபோனது. இதற்கு எந்த உத்தியும் இல்லை என்று தோன்றுகிறதல்லவா? எதையும் மாற்றாமல் விடுவது என்று எடுத்த முடிவுதான் இங்கே உத்தி.

கோர்பைன் ஒளிப்படக் கலைஞர். நிர்வாணா குழுவின் 'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்' (1993) காணொளியை வண்ணத்தில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, அதன்மேல் சட்டகம் சட்டகமாகக் கையால் வண்ணம் தீட்டவைத்த பொறுமைக்காரர். சிவப்பு அந்தப் படத்தில் இரத்தம்போல் அல்லாமல் சாயம்போல் தெரிவதன் காரணம் அதுதான். செட்னாவியின் வட்டில் எனக்கு நினைவில் நிற்பது, நியூயார்க் வீதிகளில் ஊரும் லாரியின் திறந்த பின்தட்டில் பியோர்க் தன்னந்தனியே துள்ளும் 'பிக் டைம் சென்சுவாலிட்டி' (1993) ஒன்றுதான்.

பொருளாக மதிப்பிட்டால் சில குறைகள். இவை அனைத்தும் டிவிடிக்கே உரிய பழைய துல்லியத்தில் பதிந்தவை. பெரிய தொலைக்காட்சித் திரையில் 'ஸ்டார் கிட்டார்' நிலக்காட்சியின் விளிம்புகள் கரைந்து தெரிகின்றன. சில காணொளிகளுக்கு இணையத்தில் இதைவிடத் தெளிவான பிரதி இருக்கிறது. இரு பக்கமும் பதிவுள்ள வட்டுகளில் படம் அச்சிட இடமில்லாததால், எந்தப் பக்கம் எது என்று நடுவளையத்தின் பொடி எழுத்தைத்தான் தேட வேண்டும். இரண்டு பக்கத்தையும் கீறல் விழாமல் காக்க வேண்டும். நான் வாங்கிய பழைய பிரதியில் ஜோன்ஸ் வட்டின் இரண்டாம் பக்கம் ஓரிடத்தில் உறைந்து நின்றது, துடைத்தபின் ஓடியது. முதல் மூன்று வட்டுகளோடு வரும் 52 பக்கக் கையேட்டில் வரைபடங்களும் நேர்காணல்களும் இருக்கின்றன. பழைய பிரதி வாங்குகிறவர்கள் அது உறைக்குள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. என்னுடைய கோந்த்ரி வட்டு கையேடு இல்லாமல்தான் வந்து சேர்ந்தது.

ஏழையும் வாங்க இயலாதவர்கள் கோந்த்ரி, ஜோன்ஸ், கிளேசர் ஆகிய மூன்றை இந்த வரிசையிலேயே வாங்கலாம். ரிமோட்டில் மெதுவாக ஓட்டும் பொத்தான் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 'வெர்ச்சுவல் இன்சானிட்டி'யில் ஒளிந்திருக்கும் வெட்டுகளை அந்தப் பொத்தானை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றாகக் குறித்துவருகிறேன். ஓரிடத்தில் மட்டும், கேமரா தரைக்குத் தாழ்ந்து நிமிர்வதற்குள் சோபா எப்படி மாறியது என்று இன்னும் பிடிபடவில்லை.